கம்பம் பள்ளத்தாக்கின் குடிகளும் குடிக்கணக்கும்

(ஊராட்சிப் பணியாற்றுவோருக்கும் உழவர்களுக்கும் நடைபெற்ற பயிற்சி முகாமில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் நிகழ்த்திய உரை)



இம்முகாமில் விதையைப்பற்றியும், உரத்தைப்பற்றியும், கால்வாய் மராமத்தைப்பற்றியும் அறிஞர் பலர் பேசியுள்ளனர். எங்களுக்கு அளிக்கப்பட்ட பொருள், 'நம் பள்ளத்தாக்கின் வரலாறும் மக்கள்தொகையும்' என்பது. தலைப்பு வாசிக்கப்பட்டவுடனே பின்வரிசையிலிருந்த பெரியவர் ஒருவர், "எங்க ஊர்க் கதை எங்களுக்குத் தெரியாதாய்யா? குழாயில தண்ணி எப்ப வரும், அதைச் சொல்லுங்க" என்று கேட்டார். அவர் கேட்டது முற்றிலும் நியாயமே. ஆயினும், அவர் கேட்ட கேள்வியும் எங்கள் தலைப்பும் வேறு வேறல்ல என்பதையே இன்று எடுத்துரைக்க விரும்புகிறோம். இப்பள்ளத்தாக்கில் முற்காலத்தில் தண்ணீர் வந்த வழியே குடிகள் வந்தன. இக்காலத்திலோ, கணக்கில் வந்த குடிகளுக்கே தண்ணீர் வருகிறது. எங்கள் உரையின் சாரம் இவ்வளவே.

நிலத்தின் இயல்பு

மேற்கே ஏலமலைத் தொடர். கிழக்கே மேகமலையும் வருசநாட்டு மலைகளும். இவற்றின் நடுவே, தெற்கில் கூடலூரை அடுத்த மலையடிவாரம் தொடங்கி வடக்கில் தேனி வரையில் நீண்டு கிடக்கிறது கம்பம் பள்ளத்தாக்கு. தென்மேற்குப் பருவமழை மலையின் மேற்குச் சரிவிலேயே பெரும்பகுதியைக் கொட்டிவிடுகிறது. நம் பக்கம் வந்து சேர்வது பெரும்பாலும் வெறுங்காற்றே. ஆடி மாதத்தில் குமுளியில் குடை பிடித்து நிற்பவர், சில மைல் கீழிறங்கிக் கூடலூருக்கு வந்தால் குடையை மடக்கிக்கொண்டு நடப்பதை நாம் யாவரும் கண்டிருக்கிறோம்.

ஆகவே, இங்கு நிலம் இரு வகையாயிற்று. ஆற்றோரத்தில் நன்செய், மலையடியில் மானாவாரி. ஊர்களும் அவ்வாறே அமைந்தன. கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர், வீரபாண்டி ஆகியவை ஆற்றை ஒட்டி வளர்ந்தன. தேவாரம், கோம்பை போன்றவை மலையடியில் மழையையும் கண்மாயையும் கிணற்றையும் நம்பி வளர்ந்தன. இவ்வேறுபாட்டை மனத்திற்கொண்டால், இங்குள்ள குடிகளின் வரலாறு எளிதில் விளங்கும்.

தொன்மை

இந்நிலத்தில் மனிதர் குடியிருப்பது நேற்று இன்று தோன்றியதன்று. ஆண்டிபட்டி வட்டத்துப் புலிமான்கோம்பையில் 2006ஆம் ஆண்டு மூன்று நடுகற்கள் கண்டெடுக்கப்பட்டன. அவற்றின் தமிழ்ப் பிராமி எழுத்துகளைக் கொண்டு, அவை கி.மு. மூன்றாம் நூற்றாண்டளவில் எழுந்தவை என ஆய்வாளர் கருதுகின்றனர். அவற்றுள் ஒன்று, கூடல் என்னும் ஊரில் நிகழ்ந்த ஆநிரைப் பூசலில் மாண்ட ஒருவனுக்காக நடப்பட்டது. நிலத்தைவிட மாடே பெருஞ்செல்வமாக விளங்கிய காலம் அது.

பின்னர்ப் பாண்டியர் காலத்தில் உழவு வேரூன்றியது. சின்னமனூருக்கு அரிகேசரிநல்லூர் என்னும் பழம்பெயர் உண்டு. அவ்வூரில் கிடைத்த பாண்டியர் செப்பேடுகள் தமிழக வரலாற்றுக்கே அடிப்படைச் சான்றுகளாக விளங்குகின்றன. அவற்றுள் பெரியது பத்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்தது. செப்பேட்டில் தானம் எழுத வேண்டுமாயின், அளந்து எல்லை குறிக்கத்தக்க விளைநிலம் இருந்திருக்க வேண்டும். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே இங்கு நீர் நிருவாகம் செய்த உழவர் குடி வாழ்ந்தது என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுவதில்லை.

உழவருக்கும் முன்பிருந்தே மலைகளில் பளியர் முதலிய பழங்குடியினர் வாழ்ந்து வருகின்றனர். தேனும் கிழங்கும் எடுத்து வாழ்ந்த அம்மக்களே இந்நிலத்தின் முதற்குடிகள். எண்ணிக்கையில் அவர்கள் மிகச் சிலர். கணக்கெடுப்பில் விடுபட்டுப் போவோரிலும் பெரும்பாலும் அவர்களே முதல்வராக இருப்பது வருந்தத்தக்கது.

வந்து சேர்ந்தோர்

விஜயநகர, நாயக்கர் காலங்களில் வடக்கிலிருந்து புதிய குடிகள் வந்தன. தெலுங்கு பேசுவோரும் கன்னடம் பேசுவோரும் இங்குக் குடியேறினர். போடிநாயக்கனூர், தேவாரம், கோம்பை, எரசக்கநாயக்கனூர் ஆகியவை பாளையங்களாக விளங்கின. கம்பத்தில் கன்னடம் பேசும் குடியினர் போற்றி வளர்க்கும் தம்பிரான் மாடுகளை அறியாதார் நம்முள் இல்லை. பொங்கலையொட்டி அத்தொழுவத்திற்குச் சென்று வணங்குவோர் அவ்வொரு குடியினர் மட்டுமல்லர். பிற குடியினரும் கரும்பும் வாழைப்பழமும் ஏந்திச் செல்கின்றனர். இன்னொருவர் தெய்வத்தின் தொழுவத்தைத் தம்முடையதாகக் கருதும் இப்பழக்கம், கலந்து வாழ்ந்ததன் விளைவேயாம்.

கம்பத்திலும் உத்தமபாளையத்திலும் இராவுத்தர் குடியினர் வாணிகத்திலும் வேளாண்மையிலும் சிறந்து விளங்குகின்றனர். உத்தமபாளையத்தில் ஹாஜி கருத்த ராவுத்தர் பெயரால் 1956இல் தொடங்கப்பெற்ற கல்லூரி, சுற்றுப்புற ஊர்களின் பிள்ளைகள் எல்லோருக்கும் கல்விக் கதவைத் திறந்துவிட்டது. இராயப்பன்பட்டி முதலிய ஊர்களில் கிறித்தவ உழவர்கள் திராட்சைத் தோட்டத்தில் கைதேர்ந்தவர்கள். கம்பம் பன்னீர்த் திராட்சைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தபோது, அப்பெருமை பள்ளத்தாக்கு முழுவதையும் சேர்ந்ததாயிற்று.

இங்ஙனம், 'எங்கள் முன்னோர் இங்கு வந்தபோது' என்று தொடங்காத குடிக்கதை இப்பகுதியில் அரிது. யாரும் முன்னவர் என்று தருக்கவோ, யாரையும் வந்தேறி என்று தாழ்த்தவோ இங்கு இடமில்லை.

பெரியாற்று நீர்

1876 முதல் 1878 வரை தென்னாட்டை வாட்டிய தாது வருடப் பஞ்சத்தைப் பாட்டிமார் வாயிலாகக் கேட்டிருப்பீர்கள். 1871ஆம் ஆண்டில் இருந்ததைவிட 1881ஆம் ஆண்டில் சென்னை மாகாணத்தின் மக்கள்தொகை குறைந்திருந்தது என்றால், அப்பஞ்சத்தின் கொடுமையை உணரலாம். பத்தாண்டுகளில் வளர வேண்டிய தொகை வளராததோடு, இருந்ததும் குறைந்தது. ஒரு வரிக் கணக்கில் எத்தனை துயரம் அடங்கியுள்ளது பாருங்கள்!

மேற்கே பாய்ந்து கடலில் கலந்த பெரியாற்றை மலையைக் குடைந்து கிழக்கே திருப்பலாம் என்னும் எண்ணம் அதற்கு நெடுநாள் முன்னரே எழுந்தது. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் இராமநாதபுரம் சமஸ்தானத்தின் பிரதானி முத்திருளப்ப பிள்ளை இதனை ஆராய்ந்தார். பொருள் வசதி இன்மையால் அது கைகூடவில்லை. பஞ்சத்திற்குப் பிறகே அரசு முனைந்தது. 1886இல் திருவிதாங்கூர் சமஸ்தானத்துடன் 999 ஆண்டுக் குத்தகை ஒப்பந்தம் ஏற்பட்டது. பொறியாளர் ஜான் பென்னிகுவிக் தலைமையில் 1887இல் வேலை தொடங்கி, 1895 அக்டோபரில் அணை திறக்கப்பட்டது. சுரங்க வழியே வந்த நீர் வைரவனாற்றில் இறங்கி, சுருளியாற்றோடு கூடி, வைகையை அடைந்தது.

மதுரைப் பக்கத்து வறண்ட நிலங்களைக் காப்பதே அத்திட்டத்தின் தலையாய நோக்கம். ஆயினும், அந்நீர் கடந்து செல்லும் வழியிலிருந்த நம் பள்ளத்தாக்கும் வளம் பெற்றது. இன்று 14,707 ஏக்கர் இருபோக நன்செய் என்று அரசு ஆணைகளில் ஆண்டுதோறும் நாம் படிக்கும் நிலம் அந்நீரால் விளைவதே. இருபோகம் என்றால் இரண்டு நடவு, இரண்டு களையெடுப்பு, இரண்டு அறுவடை. அத்தனைக்கும் கைகள் வேண்டும். வறண்ட வட்டாரங்களிலிருந்து நடவுக்கும் அறுப்புக்கும் வந்தோர் பலர் இங்கேயே குடிசை போட்டுத் தங்கினர். இங்கு அமர்ந்திருப்போருள் பலருடைய பாட்டனார் கதை அதுவாகவே இருக்கும்.

இங்கு ஒன்று கூற விரும்புகிறோம். பென்னிகுவிக்கின் பிறந்த நாளான ஜனவரி 15இல் நம் ஊர்களில் பொங்கல் வைக்கிறோம். பிள்ளைகளுக்கு அவர் பெயரை இடுகிறோம். லோயர் கேம்பில் 2013இல் அரசு அவருக்கு மணிமண்டபமும் அமைத்தது. நன்றி மறவாமை நம் பண்பு. ஆனால், அணை கட்டும்போது மலைக்காய்ச்சலாலும் வாந்திபேதியாலும் மாண்ட கூலியாட்கள் பலர். அவர்கள் பெயர்களை நாம் அறியோம். அணையைக் கட்டியவர்களுள் பெயர் எழுதப்பட்டவர் நினைவில் நின்றார், எழுதப்படாதவர் மறைந்தார். பெயர் எழுதுதல் என்பது சிறு வேலையன்று என்பதை இதிலிருந்தே அறியலாம்.

மலையேறும் குடிகள்

நன்செய் பள்ளத்தில் இருக்க, கூலி மலையில் இருந்தது. ஏலத்தோட்டங்களுக்கும் தேயிலைத் தோட்டங்களுக்கும் நம் மக்கள் தலைமுறை தலைமுறையாக மலையேறி வந்துள்ளனர். சிலர் தோட்டத்து லயங்களிலேயே தங்கினர். சிலர் ஊரிலிருந்தே சென்று வந்தனர். 1956 நவம்பர் முதல் நாளில் மாநிலங்கள் மொழிவாரியாகப் பிரிக்கப்பட்டபோது, தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தைச் சேர்ந்தன. இதனால் நம் மக்களுக்கு வீடு ஒரு மாநிலத்திலும் வேலை மற்றொரு மாநிலத்திலும் என்னும் நிலை தொடர்ந்தது. இன்றும் விடியற்காலையில் கம்பம்மெட்டுச் சாலையிலும் போடிமெட்டுச் சாலையிலும் ஜீப்புகள் வரிசையாக மலையேறுகின்றன. அவற்றில் செல்வோரில் பெரும்பாலார் பெண்கள்.

எண்கள் கூறுவன

மதுரை மாவட்டத்திலிருந்து 1996இல் தேனி மாவட்டம் பிரிக்கப்பட்டது. நம் பள்ளத்தாக்குடன் பெரியகுளம், ஆண்டிபட்டிப் பகுதிகளும் சேர்ந்த அம்மாவட்டத்தின் மக்கள்தொகை 2001இல் 10,93,950. 2011இல் 12,45,899. அவர்களுள் பாதிக்கு மேற்பட்டோர் நகராட்சிகளிலும் பேரூராட்சிகளிலும் வாழ்வோராகக் கணக்கிடப்பட்டனர். போடிநாயக்கனூரில் 75,675 பேர். கம்பத்தில் 68,090 பேர். பெயரளவில் நகரவாசிகளான இவர்களுள் பலர் காலையில் வயலுக்கோ மலைக்கோ செல்வோரே. நம் பள்ளத்தாக்கு முழு நகரமும் அன்று, முழுக் கிராமமும் அன்று. இரண்டும் கலந்த இந்நிலையை உணராமல் தீட்டப்படும் எத்திட்டமும் பாதி வழியில் நின்றுவிடும்.

மற்றோர் எண்ணையும் கூறாமல் விடுவது முறையன்று. 2001ஆம் ஆண்டுக் கணக்கில், ஆறு வயதுக்குட்பட்ட ஆயிரம் ஆண் குழந்தைகளுக்கு நம் மாவட்டத்தில் பெண் குழந்தைகள் 900 பேர்கூட இல்லை. இயற்கையில் இத்துணைக் குறைவு ஏற்படாது. வீட்டுக்குள் மறைந்திருந்த கொடுமையை ஊரறியச் செய்தது அந்த எண்ணே. தொட்டில் குழந்தைத் திட்டம் 2001இல் நம் மாவட்டத்திற்கும் விரிவாக்கப்பட்டது. கிராமச் செவிலியரும் அங்கன்வாடிப் பணியாளரும் மகளிர் குழுவினரும் வீடு வீடாகச் சென்றனர். 2011ஆம் ஆண்டுக் கணக்கில் அந்த எண் 900ஐக் கடந்து உயர்ந்திருந்தது. கணக்கு எடுத்திராவிடில் குறை தெரிந்திராது. குறை தெரிந்திராவிடில் பரிகாரம் தேடியிருக்க மாட்டோம்.

நாங்கள் செய்த பிழை

இனி, எங்கள் பணியில் நேர்ந்த பிழை ஒன்றை உங்கள்முன் வைக்கிறோம். பிறரைக் குறை கூறுமுன் நம் குறையைக் கூறுவதே முறை.

சில ஆண்டுகளுக்கு முன்னர், மலையடிவாரக் குடியிருப்பு ஒன்றுக்குக் குடிநீர்த் தொட்டி கட்ட மதிப்பீடு தயாரிக்கவேண்டியிருந்தது. வீட்டுக் கணக்கு எடுக்க எங்கள் ஆட்கள் முற்பகல் பதினொரு மணிக்குச் சென்றனர். பல வீடுகள் பூட்டிக் கிடந்தன. பூட்டிய வீடுகளை ஆளில்லா வீடுகள் என்று எழுதிக்கொண்டு திரும்பினர். நாங்களும் அதனைச் சரிபார்க்காமல் கையொப்பமிட்டோம். தொட்டி கட்டப்பட்டது, திறப்பு விழாவும் நடந்தது. அடுத்த கோடையில் அக்குடியிருப்புக்குச் சென்றபோது, மாலை விளக்கு வைக்கும் வேளையில் தொட்டியடியில் குடங்கள் நீண்ட வரிசையாக நின்றன. தொட்டியோ காலியாகிவிட்டிருந்தது. மலையிலிருந்து அப்போதுதான் இறங்கி வந்த மூதாட்டி ஒருவர் எங்களைப் பார்த்து, "நாங்க ஏலக்காட்டுக்குத்தானய்யா போனோம், ஊரை விட்டா போனோம்?" என்று கேட்டார்.

விடை கூற எங்களிடம் சொல் இல்லை. அரசின் வீட்டுக் குடிநீர்த் திட்டத்தில் தலைக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் என்பது அளவு. நூறு பேரைக் கணக்கில் விட்டால், நாளொன்றுக்கு 5,500 லிட்டரை விட்டவர் ஆகிறோம். அது ஏதோ காகிதத்தில் நேர்ந்த பிழையன்று. நாள் முழுதும் உழைத்துத் திரும்பிய பெண்ணின் குடத்தில் நேர்ந்த குறை. பின்னர் இரண்டாவது தொட்டிக்கு மதிப்பீடு போட்டு, நிதி பெற்று, வேலை முடிய இரண்டு கோடைகள் கழிந்தன. அவ்விரண்டு கோடைகளையும் அம்மக்களுக்குத் திருப்பித் தர யாராலும் இயலாது.

நீங்கள் செய்யத்தக்கவை

2021இல் நடைபெற்றிருக்க வேண்டிய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு கொரோனாத் தொற்றால் தள்ளிப்போயிற்று. அடுத்த கணக்கெடுப்புக்கு 2027 மார்ச் முதல் நாளைக் குறிப்பு நாளாகக் கொண்டு, 2025 ஜூன் மாதத்தில் மத்திய அரசு அறிவிக்கை வெளியிட்டது. ஊராட்சிக்கு வரும் நிதிப் பங்கு, உறுப்பினர் எண்ணிக்கை, தாழ்த்தப்பட்டோருக்கும் பழங்குடியினருக்கும் ஒதுக்கப்படும் இடங்கள் ஆகிய யாவற்றுக்கும் மக்கள்தொகை அடிப்படையாகிறது. ஒரு கணக்கில் விடுபட்டவர், அடுத்த கணக்கு வரும் வரையில் விடுபட்டவரே. 2011க்குப் பிறகு இத்தனை ஆண்டுகளாக நாம் பழைய எண்ணைக்கொண்டே பங்கிட்டு வந்ததன் தொல்லையை நீங்கள் நன்கு அறிவீர்கள்.

கணக்கெடுப்பது அரசுப் பணியாளர் கடமை. அது பிழையின்றி நடக்கத் துணைநிற்பது ஊரார் கடமை. அதற்கு நாங்கள் கூறும் யோசனைகள் நான்கு.

முதலாவது, ஒவ்வோர் ஊராட்சியும் தன் குக்கிராமங்களின் பெயர்களை எழுதிவைத்தல் வேண்டும். தோட்டத்து வீடுகள், கரட்டடி வீடுகள், புதிதாக எழுந்த காலனிகள், மலைப் பழங்குடிக் குடியிருப்புகள் ஆகிய எதுவும் விடுபடலாகாது. பெயரில்லாத குடியிருப்பைத் தேடி எவரும் வருவதில்லை.

இரண்டாவது, வீட்டுக் கணக்கை அந்தி நேரத்தில் பாருங்கள். மலைக்குச் சென்றவர் திரும்பி, அடுப்பு எரியும் வேளையே ஊரின் உண்மையான எண்ணிக்கை தெரியும் வேளை. கணக்கெடுக்க வரும் ஆசிரியருக்கும் இதனை எடுத்துக் கூறுங்கள். எந்த வீட்டார் எப்போது இருப்பர் என்பது உங்களுக்குத் தெரிவதுபோல் அவருக்குத் தெரியாது.

மூன்றாவது, பெண்களையும் குழந்தைகளையும் பெண்களே விசாரித்தல் நன்று. பிறந்த குழந்தையைப் பெயர் வைக்கவில்லை என்று சொல்லாமல் விடுவதும், தனித்து வாழும் முதியவளைப் பிள்ளை வீட்டுக் கணக்கில் இருப்பாள் என்று கருதி விடுவதும் பெரும்பாலும் பெண்களுக்கே தெரியவரும். பிழைப்புக்காக வெளிமாநிலத்திலிருந்து வந்து நம் ஊரில் தங்கியிருப்போரையும் விடாதீர்கள். நம் பாட்டனாரும் ஒருநாள் அவ்வாறு வந்தவரே.

நான்காவது, தயாரித்த பட்டியலைக் கிராம சபையில் வாசியுங்கள். ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூடுகிறது. வரவுசெலவைப் படிப்பதோடு, எத்தனை வீடு, எத்தனை தலை, பள்ளி செல்லும் பிள்ளை எத்தனை, செல்லாத பிள்ளை எத்தனை என்பதையும் படித்தால், விடுபட்டவர் அங்கேயே எழுந்து தம் பெயரைச் சொல்வார். அதனினும் சிறந்த சரிபார்ப்பு எந்த அலுவலகத்திலும் இல்லை.

இவற்றுக்குப் பெரும்பொருள் வேண்டுவதில்லை. ஒரு நோட்டுப் புத்தகமும், இரண்டு மாலைப் பொழுதுகளும், ஊரார் மீது அக்கறையும் போதும்.

முடிவாக, தொடக்கத்தில் கேள்வி கேட்ட பெரியவருக்கு ஒரு சொல். ஐயா, தண்ணீர் எப்போது வரும் என்று கேட்டீர்கள். அணையிலிருந்து வரும் தண்ணீருக்கு மழையும் அரசு ஆணையும் வேண்டும். ஆனால், உங்கள் தெருக் குழாயில் வரும் தண்ணீருக்கு உங்கள் தெருவில் எத்தனை பேர் இருக்கின்றனர் என்னும் கணக்கு முதலில் வேண்டும். அக்கணக்கை எங்களைவிட நீங்களே நன்கு அறிவீர்கள். இந்த முகாம் முடிந்து ஊர் திரும்பியதும் அதனை எழுதிக் கொண்டுவாருங்கள். எந்த நேரத்தில் வந்தாலும் வாங்கிக்கொள்ள நாங்கள் காத்திருக்கிறோம்.